வயலும் ஓர் ஆள்தான்

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் விறாந்தையில் இருந்து அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தபோது, நீ தலை நிமிராமலே, "அம்மா, ஆள மாத்தட்டா?" என்று கேட்டாய். கல்யாணத்துக்கு இவ்வளவு கிட்டத்தில் மாப்பிள்ளை இப்படிக் கேட்டால் வேறொரு தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பாள். உன் அப்பா உறையை ஒட்டிக்கொண்டே, "காட் அடிச்சாச்சு மனே, இனி ஏலா" என்றார். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் நீ எதைக் கேட்டாய் என்று எனக்கு விளங்கியிருந்தது. விளங்கியும், "ஒன்ட விருப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த உறையை எடுத்தேன். அது ஒரு பதில் இல்லை. பதில் சொல்லத் தெரியாதபோது நான் சொல்வது அது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ செய்கிற வேலையையெல்லாம் யாரும் திறந்து பார்க்கலாம், யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று வெளியில் வைப்பவன். உன் தாயின் கடிதத்தையும் அப்படியே வைத்துவிடு. ஒளித்துச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. நீ ஒரு கணினி மொழி செய்தாய். படம் வரையவும் தாளம் போடவும் பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை எழுதுகிற மொழி. அதன் சொற்களெல்லாம் மட்டக்களப்பில் நாங்கள் வீட்டில் கதைக்கிற சொற்கள். திரும்பு என்பதற்குக் கிறுகு. மறுபடி செய் என்பதற்கு மறுகா. அந்த மறுகாவையே மொழிக்கும் பெயராக வைத்தாய். முதன்முதலில் நீ அதைக் காட்டியபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இதால ஆருக்கு என்ன?" என்று கேட்டேன். நான் விவசாயப் போதனாசிரியர். ஒரு புது விதைநெல்லைக் கண்டாலும் முதலில் அதைத்தான் கேட்பேன். நீ கோபிக்கவில்லை. திரையில் ஒரு சின்ன வள்ளத்தை வரைந்து, கிறுகு என்று எழுதினாய். வள்ளம் கிறுகியது. நான் "ம்" என்றேன். அந்த "ம்"-ஐ நீ பாராட்டாக எடுத்துக்கொண்டாய் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆள் என்ற சொல் வந்தது உனக்கு ஒரு வள்ளம் போதாமல் போனபோதுதான். வாவி நிறைய வள்ளங்கள் வேண்டும் என்றாய். எல்லாம் ஒரே மாதிரிச் செய்யப்பட்டவை, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளை. அப்படியானால் அந்தக் கட்டளைக்குள் ஒவ்வொரு வள்ளமும் தன்னைக் குறிக்க ஒரு சொல் வேண்டும். மற்ற மொழிகளிலும் அதற்கு ஒரு சொல் இருக்கிறது என்று சொன்னாய். உன் மொழியில் எதை வைப்பது என்று சில நாள் சாப்பாட்டு மேசையில் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு ஒருநாள் விளக்கப் பக்கத்தில் ஒரே வரி எழுதியிருந்தாய்: "ஆள்: இப்போது யாரைப் பற்றிக் கதைக்கிறோமோ அவர்." எங்கே பிடித்தாய் என்று கேட்டேன். "அப்பாட கராஜில, ஒங்கட டெலிபோனில" என்றாய்.

உண்மைதான். நாவற்குடாவில் அப்பாவின் கராஜில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றால், அதைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "ஆளுக்கு மூச்சு முட்டுது, பிளக்கக் கழட்டிப் பாப்பம்" என்பார். அடுத்த சைக்கிளுக்குப் போனதும் அந்த நொடியிலிருந்து அதுதான் ஆள். எந்த ஆள் என்று ஒருவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு அங்கே வந்து டயர் ஒன்றின் மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்தவன் நீ. என் காதுக்கு எட்டாத பல பாடங்களும் அங்கே நடந்திருக்கும். என் டெலிபோன் கதை வேறு. நான் உன் அப்பாவின் பெயரைச் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் ஆயுள் குறையும் என்பதை நான் நம்பியதே இல்லை. நான் நம்பாதவை நிறைய. ஆனாலும் கல்யாணமான புதிதில் ஒரு கூச்சம் இருந்தது, பிறகு அது பழக்கமாகிவிட்டது. கம்பஸில் என்னோடு படித்தவர்கள் வீட்டுக்கு வந்தால், "பட்டதாரி அம்மாக்குப் புருஷன்ட பேர் வாயில வராது" என்று பகிடி பண்ணுவார்கள். "ஆள் குளிக்கிறார், வந்தா எடுக்கச் சொல்றன்" என்று நான் தொலைபேசியில் சொல்வதைக் கேட்டே நீ வளர்ந்தாய். மறுபக்கம் அப்பா கராஜிலிருந்து எடுத்து, "ஆள் படிக்கிறானா?" என்றால், அது நீ. ஒரே வீடு, ஒரே சொல். யார் யாரைப் பற்றிக் கேட்கிறார் என்பதில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. அதில் எனக்குத் தெரியாத ஒரு ஒழுங்கு இருந்ததை நீ கண்டாய். இந்தக் கடிதத்திலும் அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை.

இனி அந்த விசயத்துக்கு வருகிறேன். போன மாதம் ஒரு அமைப்பிலிருந்து உனக்குப் பதில் வந்தது. மறுகாவை மற்ற மாவட்டங்களின் பள்ளிக்கூடங்களுக்கும், வெளிநாட்டில் சனிக்கிழமைத் தமிழ் படிக்கிற பிள்ளைகளுக்கும் கொண்டுபோகலாம் என்று எழுதியிருந்தார்கள். நீ அன்று இரண்டாம் முறை சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாய். ஆனால் ஒரு நிபந்தனை. வட்டாரச் சொற்களை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவான சொற்களை வைக்கவேண்டும்; முக்கியமாக அந்த ஆளை. ஆள் என்பது மனிதருக்குத்தான், வள்ளத்தையும் மீனையும் ஆள் என்றால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்றார்கள். அதற்கு அவர்கள் தந்த சொல் 'நடப்புப்பொருள்'. மாற்றினால் உன் மொழி எங்கெங்கோ போகும். மாற்றாவிட்டால் தன்னாமுனையில் நீ பிள்ளைகளுக்கு எடுக்கிற சனிக்கிழமை வகுப்போடு அது நின்றுவிடலாம். கல்யாணத்துக்கு முன் பதில் கேட்கிறார்கள். உன் நாலு வருச வேலை அதில் தொங்குகிறது என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

உள்ளதைச் சொன்னால், எனக்கு அவர்கள் சொன்னது பிழையாகப் படவில்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மறுகா தெரியாது. மதுரைப் பிள்ளைக்குக் கிறுகு தெரியாது. நான் கந்தோரிலிருந்து விவசாயிகளுக்கு அனுப்பும் அறிவித்தல்களைப் பொதுத் தமிழில்தான் எழுதுகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது, எல்லா இடத்துக்கும் ஒரே தாள் போகிறது. பிள்ளைப் பாசத்தில் ஒரு முடிவு சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் "ஒன்ட விருப்பம்" என்றேன். ஆனால் அன்றிரவு படுத்தபோது அந்த வார்த்தை எனக்கே அந்தரமாக இருந்தது. அந்த மொழியில் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதிப் பார்க்காத ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருப்பவர்களை நான் மதிப்பதில்லை. மறுநாள் துஷாந்திக்கு அழைத்தேன். உன்னோடு வகுப்பு எடுப்பவள், இன்னும் கொஞ்ச நாளில் என் மருமகள். எனக்கு மறுகா பழக்கவேண்டும், உன்னிடம் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். "சரி மாமி, எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்று அவள் சொன்ன விதத்தில், உன்னிடம் சொல்லாமல் இருப்பதே அவளுக்குப் பெரிய சந்தோசம் என்று தெரிந்தது.

நீ இல்லாத நேரம் பார்த்து அவள் வீட்டுக்கு வந்தபோது, எனக்கு வள்ளமும் மீனும் வேண்டாம், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன் என்றேன். எனக்குத் தெரிந்தது வட்டை. படுவான்கரையில் நான் போகிற அந்த வயல்வெளி; மேலே குளத்து வாய்க்கால், கீழே வாவி. மழை குறைந்த சிறுபோகத்தில் தண்ணீர் மேல்வயலுக்குள் வந்து, அது நிறைந்ததும் வரம்பில் வெட்டிய வக்கடை வழியாக அடுத்த வயலுக்குள் இறங்கி, அப்படியே படிப்படியாக வாவிக்கரை வரைக்கும் போகவேண்டும். வாவிக்கரை வயலுக்கு நல்ல தண்ணீர் பிந்தினால் உவர் ஏறிவிடும். திரையில் வயல்களைப் பெட்டி பெட்டியாக வரைந்தேன். தண்ணீர் வந்தால் நீலம், வராவிட்டால் மண்நிறம். கட்டளை எழுதினேன்: மேல்வயல் நிறைஞ்சா வக்கடையத் துற. ஒவ்வொரு வயலுக்கும் அதே கட்டளை. ஓடவிட்டேன். மேல்வயல் அழகாக நீலமானது. அது நிறைந்த உடனே வட்டையிலுள்ள எல்லா வக்கடைகளும் ஒன்றாகத் திறந்தன. தண்ணீர் நடு வயல்களை நனைத்தும் நனைக்காமலும் நேரே இறங்கி வாவிக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசி வயல் மண்நிறமாகவே கிடந்தது.

துஷாந்தி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மாமி, வாவியில மீன் வளக்கப்போறீங்களா?"

"கட்டளை சரியாத்தானே எழுதினன்? மேல்வயல் நிறைஞ்சா கீழயும் வரும்தானே."

"வருமா? அப்ப ஏன் கடைசி ஆள் காஞ்சி கிடக்கார்?"

அவள் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்காட்டினாள். "இவர் மேல்வயலப் பாக்கார். இவரும் மேல்வயலத்தான் பாக்கார். இவரும். ஆளுக்கு ஆள் மேலேயே பாத்துக்கொண்டு நிக்கிறாங்க மாமி. தன்ட வயித்தில தண்ணி இருக்கா எண்டு ஒராளும் பாக்கல்ல."

அந்தப் பிழையை நான் எங்கே படித்தேன் என்று எனக்கு உடனே தெரிந்தது. கந்தோரில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, வட்டைக்குத் தண்ணீர் போய்விட்டது என்று எழுதிவிடுவோம். மேலே அளந்தால் கீழேயும் அளந்த மாதிரி. வயல்காரர் ஒருவரும் அப்படி வேலை செய்வதில்லை. தன் வயலில் கால் வைத்துப் பார்த்து, கணுக்கால் நனைந்தால்தான் தன் வக்கடையைத் திறப்பார். துஷாந்தி ஒன்றும் எழுதித் தரவில்லை. விசைப்பலகையை என் பக்கம் தள்ளிவிட்டாள். நான் மேல்வயலை அழித்துவிட்டு எழுதினேன்: ஆள் நிறைஞ்சா ஆள்ட வக்கடையத் துற. ஒரே வரி. அதே வரி எல்லா வயலுக்கும் போனது. இந்த முறை ஒவ்வொரு வயலும் தன்னைப் பார்த்தது. நீலம் படிப்படியாக இறங்கியது. மெதுவாகத்தான். வாவிக்கரை வயலில் அது ஏறியபோது நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன் என்று துஷாந்தி உன்னிடம் சொல்லியிருந்தால், அது மிகைப்படுத்தல்.

ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. அடுத்ததாக, எழுதியதில் ஆளை எடுத்துவிட்டு அவர்கள் தந்த சொல்லை வைக்கச் சொன்னேன். நடப்புப்பொருள் நிறைஞ்சா நடப்புப்பொருள்ட வக்கடையத் துற. அதுவும் அதே மாதிரி ஓடியது. வயல்கள் நிறைந்தன. கணினிக்கு எந்தச் சொல்லானாலும் ஒன்றுதான். இதை நீ அவர்களிடம் மறைக்கவேண்டாம். வித்தியாசம் இருந்தால் அது மனிதரிடம்தான் இருக்கவேண்டும். அதைப் பார்க்கத்தான், நீ கூறைக்கடைக்கு விலை விசாரிக்கப் போன அந்தச் சனிக்கிழமை, நான் தன்னாமுனை வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசை வாங்கிலில் இருந்தேன். துஷாந்தி பிள்ளைகளை இரண்டு பக்கமாகப் பிரித்தாள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வேலை: மீன்கள் நீந்தவேண்டும், சுவரில் முட்டினால் கிறுகவேண்டும். ஒரு பக்கத்துக்கு நடப்புப்பொருள், மற்றப் பக்கத்துக்கு ஆள்.

இரண்டு பக்கமும் முடித்தார்கள், ஏறக்குறைய ஒன்றாகவே. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுச் சட்டம் எழுதுகிற ஆளில்லை நான். ஆனால் பிழை வந்தபோது நடந்ததைக் கவனித்தேன். நடப்புப்பொருள் பக்கத்தில் மீன் சுவருக்குள் போய்விட்டால் பிள்ளை கையை உயர்த்தி, "மிஸ்" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தது. ஆள் பக்கத்தில் ஒருவரும் மிஸ்ஸைக் கூப்பிடவில்லை. "உன்ட ஆள் கிறுகுறாரில்ல." "என்ட ஆளுக்குச் சுவர் தெரியல்ல, நீ என்னத்த எழுதின?" "டேய், உன்ட ஆள் என்ட ஆளப் பாத்துக் கிறுகுறார், தன்னப் பாக்கச் சொல்லு." அவர்கள் சண்டை பிடித்தார்கள், மகன். பிழையைப் பற்றிச் சண்டை பிடிக்க அவர்களுக்கு ஒரு சொல் இருந்தது. ஏறாவூரிலிருந்து வருகிற அந்தச் சின்னப் பெண், "எங்கட உம்மாவும் வாப்பாவ ஆள் எண்டுதான் சொல்லுவா" என்றது. முழு வகுப்பும் சிரித்தது. கடைசி வாங்கிலில் இருந்த நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

ஆள் என்பது மனிதருக்குத்தான் என்ற ஆட்சேபத்தை உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு கார்பரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்கட பைக் ஒருநாளும் நடுறோட்டில நிண்டதில்ல போல" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒன்று தன் பாட்டில் நிற்கத் தொடங்கினால், அதற்குத் தாகம், கோபம், பிடிவாதம் எல்லாம் வந்துவிடுகிறது. அப்போது அதை நாங்கள் ஆள் என்கிறோம். உன் மொழியில் மீனும் வயலும் செய்வது அதைத்தானே.

அந்த அமைப்புக்காரர்களோடு முகத்தை முறிக்காதே. அவர்கள் கெட்டவர்கள் இல்லை; எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டவேண்டும் என்று கேட்கிறார்கள், அது நல்ல ஆசை. மறுகா அவர்களுக்குக் கடினம் என்றால் பக்கத்தில் இன்னொரு சொல்லையும் ஏற்றுக்கொள்ளும்படி செய், உன்னால் அது ஏலும். கிறுகு இருக்கட்டும், ஒருமுறை எழுதி வள்ளம் கிறுகினால் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அது பிறகு மறக்காது. ஆளைப் பற்றி மட்டும் அவர்களிடம் ஒரு கேள்வி கேள். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ மலைநாட்டிலோ, இப்போது யாரைப் பற்றிக் கதைக்கிறோமோ அவரை வீட்டில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டு எழுதச் சொல். அந்தச் சொற்களும் உள்ளே வரட்டும். அவரவர் சொல்லோடு அவரவர் வரலாம். நடப்புப்பொருள் எந்த ஊர்ச் சொல் என்று நான் தேடிப் பார்த்தேன். அப்படிக் கதைக்கிற வீடு ஒன்றும் எனக்கு அகப்படவில்லை. இதற்கு அவர்கள் மாட்டோம் என்றும் சொல்லலாம். சொன்னால், தன்னாமுனை வகுப்பு இருக்கிறது. அந்தச் சண்டையை நான் கண்ணால் பார்த்தேன். நின்றுபோகிற ஒன்றின் சத்தம் அப்படி இருக்காது.

கல்யாணத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லவேண்டும், தாய் என்று ஒருத்தி இருக்கிறேன் அல்லவா. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. நீ தேற்றாத்தீவுக்குப் போகப்போகிறாய். உன் அப்பாவும் அப்படித்தான் என் வீட்டுக்கு வந்தார். முதல் மாதம் எங்கள் கிணற்று வாளியை எங்கே வைப்பது என்றுகூட என் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு வைத்தார். நீ அப்படிச் செய்யாதே என்று சொல்லமாட்டேன். மரியாதைக்கு ஒரு மாதம் கேட்கலாம். ஆனால் ஒவ்வொரு காரியத்துக்கும் நாவற்குடாவைத் திரும்பிப் பார்க்காதே. அம்மா எப்படிச் செய்வா, அம்மா என்ன சொல்லுவா என்று துஷாந்தியிடம் ஒருநாளும் சொல்லாதே. என் வட்டையில் எல்லா வயலும் மேல்வயலையே பார்த்துக்கொண்டு நின்றபோது நடந்ததை நான் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டில் என்ன நிறைந்திருக்கிறது, எது போதாது என்று உங்களுக்குத்தான் தெரியும். அங்கே கால் வைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இரண்டு பேரும் வாருங்கள். மீன் வாங்கி வைப்பேன்; யார் குழம்பு வைப்பது என்று அன்று பார்ப்போம். துஷாந்தி உன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாளாம், என்னிடமே சொன்னாள். எனக்குச் சந்தோசம். ஆனால் போனவாரம் அவளுடைய தாய் உன்னைப் பற்றித் தொலைபேசியில் ஏதோ கேட்க, அவள் என் பக்கத்தில் இருந்தபடியே, "ஆள் இன்னும் வேலையால வரல்ல அம்மா" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்காத மாதிரி வெங்காயம் உரித்தேன்.

அந்த வட்டையை நான் அழிக்கவில்லை. உன் மற்ற வேலைகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை, யாரும் எடுத்துத் திருத்தலாம். மழை எழுதத் தெரிந்தால் மழையும் சேர்க்கலாம், எனக்கு இன்னும் அவ்வளவுக்கு வரவில்லை. காலையில் இதை எழுதத் தொடங்குமுன் ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தேன். வாவிக்கரை வயல் பிந்தித்தான் நிறைந்தது, ஆனால் நிறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். மாத்தாத. இன்றைக்கே அவர்களுக்கு எழுதிப்போடு, மரியாதையாக எழுது. எழுதிவிட்டுக் கெதியாக வா. கூறை எடுக்கப் போகவேண்டும். உன் அப்பா கராஜைப் பூட்டிவிட்டு வந்து, வெள்ளைச் சேட்டும் போட்டு, வாசலில் சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு இருக்கிறார். இனியும் பிந்தினால் உன் அறைக் கதவைத் தட்டுவார். ஆள் வெளிக்கிட்டு நிற்கிறார், மகன்.

அம்மா